முதல் கேள்வி யாரிடம்?

எல்லோருக்கும் வணக்கம். குழந்தைக்குத் தனி உதவியாளரை வைக்கும்போது நான் செய்த ஒரு தப்பிலிருந்து தொடங்குகிறேன்.

என் மகளுக்குப் பெருமூளை வாதம். நடக்க வராது, பேச வராது. படப் பலகையில் கண்ணால் காட்டித்தான் பேசுவாள். அவளுடைய 9 வயதில் முதன்முதலாக ஆள் தேடினோம். வந்த பெண்ணுக்கு நல்ல அனுபவம், கை நிறையச் சான்றிதழ். "பாப்பா நல்லா சாப்பிடுமா? ராத்திரி தூங்குமா?" எல்லாம் என்னிடம்தான் கேட்டார். பாப்பா எதிரிலேயே இருந்தாள். ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவரைத்தான் வேலைக்கு வைத்தேன். சான்றிதழில் மயங்கிவிட்டேன், வேறென்ன!

மூன்றே வாரத்தில் மகள் சாப்பாட்டைக் கண்டாலே வாயை இறுக்கி மூடத் தொடங்கினாள். ஒருநாள் கதவோரம் நின்று பார்த்தேன். ஒரு வாய் இறங்குவதற்குள் அடுத்த ஸ்பூன் உதட்டில் முட்டுகிறது. அவள் தலை பின்னால் சாய்ந்து கிடக்கிறது. அப்படி விழுங்கினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுக்கும்படி எங்கள் தெரபிஸ்ட் சொல்லியிருந்தார். அந்தப் பெண்ணுக்கும் அது தெரியும். விழுங்கியாயிற்றா என்று அவள் முகத்தைப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

அடுத்த முறை மகளை நடுவில் உட்கார வைத்து, நான் ஓரமாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அனுபவமே இல்லாத ஒரு பெண் வந்தார். சக்கர நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, "இதில் 'ஆமாம்' எது, எனக்குக் காட்டுறியா?" என்று அவளிடமே கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். பத்து வினாடி மௌனம் எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. நான் நடுவில் புகுந்து பதில் சொல்லாமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

போலியோவால் கைகால் செயலிழந்த எட் ராபர்ட்ஸும் நண்பர்களும் 1972இல் அமெரிக்காவின் பெர்க்லியில் மாற்றுத்திறனாளிகள் சுயமாக வாழ உதவும் ஒரு மையம் தொடங்கினார்கள். உதவி யாருக்கோ, முடிவும் அவருடையதே என்பது அவர்கள் கொள்கை. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான 2006ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 19ஆவது பிரிவு தனி உதவியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. "குழந்தை எப்படிங்க முடிவெடுக்கும்?" என்பீர்கள். வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதன் கருத்துக்கு மதிப்பளிக்க வேண்டும் என்று அதே உடன்படிக்கையின் 7ஆவது பிரிவு சொல்கிறது. எந்தச் சட்டை, யார் குளிப்பாட்டுவது, எப்போது போதும்: இதையெல்லாம் அவளே சொல்லட்டுமே.

அப்புறம், முன்பு வேலை செய்த வீட்டில் கட்டாயம் விசாரியுங்கள். சோதனை நாட்களுக்கும் சம்பளம் கொடுங்கள். வேலை நேரம், விடுப்பு, அவர் வராத நாளில் யார் என்பதை எழுதி வையுங்கள். வலிப்பு வரும் குழந்தையென்றால் என்ன செய்ய வேண்டும் என்று டாக்டரிடம் எழுதி வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் ஆம்புலன்ஸ்தான், யோசிக்கவே கூடாது. இன்னொன்று, அவரை வீட்டுப் பாத்திரம் தேய்க்கச் சொல்லாதீர்கள். அவர் குழந்தையின் கை, நம் கை இல்லை.

தரையில் உட்கார்ந்த அந்தப் பெண்ணைத்தான் வேலைக்கு வைத்தோம். போன மாதம் அவரும் மகளும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னவென்று கேட்டுக்கொண்டே உள்ளே போனேன். மகள் பலகையில் 'அம்மா' படத்தைப் பார்த்தாள், அடுத்து 'வெளியே' படத்தைப் பார்த்தாள். போய்விட்டேன்.

சரி, இனி நீங்கள் கேளுங்கள்.