வீச்சைப் பார்த்துவிட்டு விடையை எழுதுங்கள்

வணக்கம் நேயர்களே. உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கும் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு பென்சிலும் தாளும் எடுத்து வையுங்கள். வானொலியில் கரும்பலகை கிடையாது.

எக்ஸின் வர்க்கமூலம் சமன் எக்ஸ் சய 6. இதைத் தந்தால் நம்முடைய ரியூசன் பிள்ளைகள் யோசிக்கவே மாட்டார்கள். இருபக்கத்தையும் வர்க்கித்து, காரணிப்படுத்தி, 9, 4 என்று இரண்டு விடை எழுதிவிடுவார்கள். வேகம் அப்படி. 9ஐப் போட்டுப் பாருங்கள், இரண்டு பக்கமும் 3. சரி. 4ஐப் போட்டால் இடப்பக்கம் 2, வலப்பக்கம் சய 2. வர்க்கித்ததும் இரண்டுமே 4 ஆகிவிடும். அந்த வழியாகத்தான் பிழையான விடை உள்ளே வந்தது.

ஒரு சார்புக்குள் போடக்கூடிய பெறுமானங்கள் அதன் ஆட்சி. அவற்றைப் போட்டால் வெளியே வருபவை வீச்சு. வர்க்கமூலத்துக்குள் மறையெண் போகாது, அதிலிருந்து மறையெண் வரவும் வராது. இங்கே ஆட்சியை மட்டும் பார்த்தால் 4 தப்பிவிடும், 4க்கு வர்க்கமூலம் உண்டுதானே. பிடித்துக் கொடுப்பது வீச்சு. இடப்பக்கம் மறையாகாது என்றால் வலப்பக்கமும் ஆகக்கூடாது, ஆகவே எக்ஸ் 6க்குக் குறையாது. இதை முதல் வரியிலேயே எழுதியிருந்தால் 4 தானாகவே கழன்றிருக்கும். ஆட்சி, வீச்சு என்றால் கேள்வியின் கடைசியில் வரும் சில்லறைப் புள்ளி என்று நினைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

எக்ஸ் வர்க்கம் சய 4ஐ எக்ஸ் சய 2ஆல் வகுத்து, வெட்டி, எக்ஸ் சக 2 என்று எழுதுவோம். ஆனால் மூலச் சார்பின் ஆட்சியில் 2 இல்லை, கீழே பகுதியாக நிற்கும் எக்ஸ் சய 2 பூச்சியமாகிவிடும். அதனால் வீச்சில் 4 இல்லை. வரைபில் அதே நேர்கோடு, ஒரு புள்ளி மட்டும் ஓட்டை.

இனித் தோட்டத்துக்கு வருவோம். சுன்னாகம் பக்கம் வெங்காயம் வைக்கும் ஒருவரிடம் 40 மீற்றர் கம்பிவலை இருக்கிறது என்று வைப்போம். செவ்வகமாக அடைத்தால் ஒரு பக்கம் எக்ஸ், மற்றது 20 சய எக்ஸ். இரண்டையும் பெருக்கினால் பரப்பு. எக்ஸுக்கு 30 போட்டால் சய 300 என்று அட்சரகணிதம் கூச்சமில்லாமல் விடை தரும். நிலத்தில் எக்ஸ் 0க்கும் 20க்கும் இடையில் மட்டுமே. பரப்பு 0க்கு மேல், கூடியது 100 சதுர மீற்றர். அது எக்ஸ் 10 ஆகும்போது. 120 வேண்டும் என்று அவர் கேட்டால் சமன்பாடு தீர்க்க உட்காராதீர்கள், அது வீச்சிலேயே இல்லை. வட்டமாக அடைத்தால் 127க்குச் சற்றுக் கூடவே கிடைக்கும்தான். ஆனால் வட்டப் பாத்திக்கு யார் தண்ணீர் கட்டுவது?