இருபது ஷில்லிங்கும் ஆறு மகள்களும்

வணக்கம் நேயர்களே. வம்சாவளி தேடுகிறவர்களுக்கு ஒரு பொது ஆசை உண்டு. முன்னோர்களில் யாராவது ஒரு பெரிய மனிதர் கிடைத்துவிட வேண்டும். அமெரிக்காவில் ஜான் ஹவ்லண்ட் குடும்பத்தாருக்கும் அந்த ஆசை இருந்தது.

இந்த ஹவ்லண்ட் 1620-ல் மேஃபிளவர் கப்பலில் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேறப் போனவர். ஜான் கார்வர் என்பவரின் வேலையாள். நடுக்கடலில் புயலடித்தபோது மேல்தளத்துக்கு வந்தார். கப்பல் சாய்ந்ததில் கடலில் விழுந்துவிட்டார். வெளியே தொங்கிக்கொண்டிருந்த பாய்க்கயிறு ஒன்று கைக்குச் சிக்கியது. தண்ணீருக்குள் மூழ்கியும் பிடியை விடவில்லை. மேலே இழுத்துப் போட்டார்கள். இதை எழுதி வைத்தவர் அதே கப்பலில் வந்த வில்லியம் பிராட்ஃபோர்ட்.

கரையேறிய முதல் குளிர்காலத்திலேயே வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் இறந்தார்கள். அந்தக் குடியேற்றத்தின் முதல் ஆளுநரான கார்வரும் 1621 வசந்தத்தில் போய்ச் சேர்ந்தார். ஹவ்லண்ட் பிழைத்து, எலிசபெத் என்ற பெண்ணை மணந்தார். பத்துப் பிள்ளைகள். பத்துப் பேரும் வளர்ந்து ஆளாகித் திருமணம் செய்துகொண்டார்கள் என்பது அந்தக் காலத்தில் சாதாரண விஷயமில்லை.

அந்த எலிசபெத் யார் வீட்டுப் பெண்? ஆளுநர் கார்வரின் பேத்தி என்று பரம்பரை பரம்பரையாகச் சொல்லி வந்தார்கள். வேலைக்காரன் எஜமானின் பேத்தியைக் கட்டிக்கொண்டான் என்றால் கேட்க நன்றாகத்தானே இருக்கிறது! ஆனால் காணாமல் போயிருந்த பிராட்ஃபோர்டின் கையெழுத்துப் பிரதி, லண்டன் பிஷப்பின் நூலகத்தில் இருப்பது தெரியவந்து, 1856-ல் அச்சானது. கப்பலில் வந்தவர்கள், அவர்கள் பெற்ற பிள்ளைகள் என ஒரு பட்டியலே அதில் இருக்கிறது. எலிசபெத், ஜான் டில்லியின் மகள். பெற்றோர் இருவரும் அந்த முதல் குளிர்காலத்திலேயே இறந்துவிட, அனாதையாக நின்ற சிறுமி. கார்வருக்கோ சந்ததியே இல்லை. அத்தனை காலப் பெருமை ஒரே பட்டியலில் கரைந்துவிட்டது. எனக்கென்னவோ ஆளுநரின் பேத்தியைவிட இந்தச் சிறுமியின் கதைதான் பெரிதாகப் படுகிறது.

அப்புறம் உயிலுக்கு வருவோம். 1672 மே மாதம் ஹவ்லண்ட் எழுதிய உயிலில் நிலமெல்லாம் மனைவிக்கும் மகன்களுக்கும். ஆறு மகள்களுக்கும் தலைக்கு 20 ஷில்லிங். அநியாயம்தான். ஆனால் அந்த இருபது ஷில்லிங்தான் இன்று ஆராய்ச்சியாளர்களுக்குப் புதையல். ஏனென்றால் மகள்களின் பெயரைப் புகுந்த வீட்டுப் பெயரோடு எழுதியிருக்கிறார்: டிசயர் கோரம், ஹோப் சிப்மன், எலிசபெத் டிக்கன்சன், லிடியா பிரவுன், ஹானா பாஸ்வொர்த், ரூத் குஷ்மன். ஹவ்லண்ட் என்ற பெயரை மட்டும் தேடினால் இந்த ஆறு கிளைகளும் கண்ணில் படாது.

தேதியிலும் ஒரு கண்ணி உண்டு. ஹவ்லண்ட் இறந்தது 1673 பிப்ரவரி 23. அன்றைய ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு மார்ச் 25-ல்தான் பிறக்கும் என்பதால், பழைய ஏட்டில் அது 1672. கவனிக்காவிட்டால் ஒரு வருடம் பிசகும்.

ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் இரண்டு புஷ் அதிபர்களும் இந்த வம்சத்தில் வந்தவர்களே. 1897-ல் தொடங்கிய மேஃபிளவர் சந்ததியார் சங்கத்தில் சேர விரும்புவோர் ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆதாரம் காட்ட வேண்டும். பாட்டி சொன்னார் என்பது அங்கே செல்லாது.