விற்று விற்றே மேலே ஏறிய கிளப்: பிரென்ட்ஃபோர்ட் ஆள் பிடிக்கும் விதம்

[திரையில்: வெம்பிளி மைதானம், 4 ஆகஸ்ட் 2020]

வணக்கம். ஜெயித்தால் இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக் என்ற நிலையில் இருந்த லண்டன் கால்பந்து கிளப் பிரென்ட்ஃபோர்ட், கூடுதல் நேரத்தில் ஃபுல்ஹாமிடம் 2-1 என்று தோற்றுவிட்டது. அடுத்த மாதமே, அந்த சீசனில் 25 லீக் கோல் அடித்த ஓலி வாட்கின்ஸை ஆஸ்டன் வில்லாவுக்கு விற்றது. சரி, கதை முடிந்தது என்றுதானே நினைப்போம்? 2021 மே மாதம் அதே வெம்பிளியில் ஸ்வான்சியை 2-0 என வென்று, 74 ஆண்டுகளுக்குப் பிறகு முதல் டிவிஷனுக்குள் நுழைந்தது.

[திரையில்: மேற்கு லண்டன் வரைபடம்]

செல்சியும் ஃபுல்ஹாமும் பக்கத்திலேயே இருக்கின்றன. சம்பளத்தில் அவர்களோடு மோத முடியாது. 2012-இல் கிளப்பை வாங்கிய மேத்யூ பென்ஹம் ஆக்ஸ்ஃபோர்டில் இயற்பியல் படித்தவர். கால்பந்துப் பந்தயக் கணிப்புகளுக்கான ஒரு புள்ளிவிவர நிறுவனத்தின் சொந்தக்காரர். அவர் பிடித்துக்கொண்ட விஷயம் இதுதான்: ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் சந்தை கோல் எண்ணிக்கைக்கு விலை கொடுக்கிறது. ஆனால் கோலில் அதிர்ஷ்டமும் கலந்திருக்கிறது.

அதனால் இவர்கள் வேறொன்றை எண்ணினார்கள். ஒவ்வொரு ஷாட்டும் எங்கிருந்து, எந்த நிலையில் அடிக்கப்பட்டது, அது கோலாக எவ்வளவு வாய்ப்பு என்ற கணக்கு. இதைத்தான் எக்ஸ்ஜி என்கிறோம். நல்ல இடத்துக்குத் திரும்பத் திரும்ப ஓடி வருகிறவன் இன்று கோல் அடிக்காவிட்டாலும் நாளை அடிப்பான். அவன் விலை உயர்வதற்குள் வாங்கிவிட வேண்டும்.

[திரையில்: மோபே, வாட்கின்ஸ், டோனி படங்கள் வரிசையாக]

இந்த ஸ்ட்ரைக்கர் (கோல் அடிக்கும் முன்கள ஆட்டக்காரர்) வரிசையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். நீல் மோபே 2017-இல் பிரான்ஸிலிருந்து மலிவாக வந்தார். 2019-இல் பிரைட்டன் சுமார் 2 கோடி பவுண்டு கொடுத்து வாங்கியது. அந்த இடத்துக்குப் பெரிய பெயர் எதையும் தேடவில்லை. நான்காம் டிவிஷன் எக்ஸிட்டரிலிருந்து சுமார் 18 லட்சம் பவுண்டுக்கு வந்து, விங்கில், அதாவது மைதானத்தின் ஓரத்தில், ஆடிக்கொண்டிருந்த வாட்கின்ஸை நடுவில் நிறுத்தினார்கள். ஒரே சீசனில் அவர் மதிப்பு 2.8 கோடி பவுண்டு ஆனது. அவர் கிளம்புவதற்கு முன்பே, மூன்றாம் டிவிஷன் பீட்டர்பரோவிலிருந்து ஐவன் டோனி வந்து சேர்ந்துவிட்டார். நியூகாசில் தேவையில்லை என்று அனுப்பிவிட்ட ஆள்! முதல் சீசனிலேயே 31 லீக் கோல்.

எனக்கு இதில் பிடித்தது வாங்கிய விலை அல்ல, அந்த வரிசைதான். மாற்று ஆள் தயாராக இருந்தால் விற்கும்போது பேரம் பேசத் தெம்பு இருக்கும். விற்ற பிறகு தேடினால், கையில் காசு இருப்பது தெரிந்து எல்லாரும் விலையை ஏற்றுவார்கள்.

அப்புறம், 2016-இல் தங்கள் இளைஞர் அகாடமியையே மூடினார்கள். வளர்த்துவிட்ட பதினாறு வயதுப் பையன்களைப் பெரிய கிளப்புகள் சொற்ப இழப்பீட்டுக்குக் கொண்டுபோய்விட்டன. அகாடமிக்குச் செலவான பணத்தில் 'பி' அணி அமைத்து, மற்ற அகாடமிகள் கழித்துவிட்ட இளைஞர்களைச் சேர்த்தார்கள். அங்கிருந்து வந்த கிறிஸ் மெஃபாம் சுமார் 1.2 கோடி பவுண்டுக்கு போர்ன்மவுத் போனார். கணக்கு சரிதான். ஆனால் அந்த வட்டாரத்துச் சிறுவர்களுக்கு அது கொடுமையான முடிவு. அதை மறைத்துவிட்டு இந்த முறையைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

இந்த முறைக்குப் பயிற்சியாளரும் ஒத்துப்போக வேண்டும். 2015-இல் அணியைச் சாம்பியன்ஷிப்பில் (இரண்டாம் டிவிஷன்) ஐந்தாம் இடத்துக்குக் கொண்டுவந்த மார்க் வார்பர்டன், ஆள் எடுப்பதில் யாருக்கு இறுதிச் சொல் என்ற கருத்து வேறுபாட்டில் விலகினார்.

[திரையில்: 2025 கோடை]

சுமார் 58 லட்சம் பவுண்டுக்கு வந்த பிரையன் எம்புமோ, 6.5 கோடிக்கு மான்செஸ்டர் யுனைடெட் போனார். அதே கோடையில் பயிற்சியாளர் தாமஸ் ஃபிராங்க் டாட்டன்ஹாமுக்குப் போக, அவர் நாற்காலிக்கும் வெளியே தேடவில்லை. அணியின் செட்-பீஸ் (ஃப்ரீ கிக், கார்னர் போன்றவை) பயிற்சியாளர் கீத் ஆண்ட்ரூஸையே அமர்த்தினார்கள். அதற்கு முன் அவர் எங்கும் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை.