உறங்கும் செல்லை எழுப்பும் சேதி

நேயர்களுக்கு வணக்கம்.

சளிக் காய்ச்சல் வந்தால், கிருமியைக் கண்ட செல்கள் சைட்டோகைன் எனும் சிறு புரதங்களைச் சுரந்து மற்ற செல்களுக்குச் சேதி சொல்கின்றன. இன்டர்ஃபெரான், டிஎன்எஃப் ஆல்ஃபா எல்லாம் இந்த வகைதான். சேதி எலும்பு மஜ்ஜைக்கும் எட்டுகிறது. அங்கே பெரும்பாலும் உறங்கியே கிடக்கும், ரத்த அணுக்களின் தாய்ச் செல்லான ஸ்டெம் செல் எழுந்து, இரண்டாகப் பிரிந்து, புது ரத்த அணுக்களுக்கு வழிசெய்துவிட்டுத் திரும்பவும் உறங்கப் போகும்.

மரபணுப் பழுதால் மஜ்ஜை வற்றும் ஃபேன்கோனி ரத்தசோகையோடு பிறந்த குழந்தைக்கு இந்த விழிப்பே வினையாகிறது. 1927-இல் சுவிட்சர்லாந்துக் குழந்தை மருத்துவர் கைடோ ஃபேன்கோனி, ஒரே வீட்டு அண்ணன் தம்பி மூவரிடம் கண்டு எழுதிய நோய் இது. டிஎன்ஏவின் இரு இழைகள் ஒன்றோடொன்று பிணைந்துவிட்டால் அதைச் சரிசெய்ய இருபதுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் உண்டு. அதில் ஏதோ ஒன்று பழுது. செல் பிரிய வேண்டுமானால் ஜிப்பைப் போல இழைகள் திறக்கவேண்டும். பிணைப்பில் ஜிப் சிக்கும், டிஎன்ஏ உடையும், செல் சாகும். உறங்கும்வரை அந்தச் சிக்கல் வெளியே தெரியாது.

2015-இல் வெளியான எலி ஆய்வு இதைப் பளிச்சென்று காட்டியது. இந்த மரபணுப் பழுதுள்ள எலிகளைச் சும்மா விட்டால், ஸ்டெம் செல்கள் தீர்ந்து மஜ்ஜை வற்றுவதில்லை. வைரஸ் வந்துவிட்டதாக உடம்பை ஏமாற்றும் ஒரு பொருளைத் திரும்பத் திரும்ப ஊசியில் ஏற்றியபோதுதான் வற்றியது.

போதாததற்கு, இந்நோயுள்ளவர்களின் ஸ்டெம் செல்கள் டிஎன்எஃப்புக்கும் இன்டர்ஃபெரான் காமாவுக்கும் சட்டென்று செத்துவிடும். அப்படியானால் டிஎன்எஃப்பைத் தடுத்துவிடலாமே என்று தோன்றும். தடுத்தால் தொற்றை எதிர்க்கும் பலமும் குறையும். தடுக்காமல் விட்டாலோ, அந்தச் சேதிக்கு அசையாத பழுதுபட்ட செல்கள் மட்டும் தப்பிப் பெருகி, ரத்தப் புற்றுநோய்க்குப் பாதை போடக்கூடும். எனக்கு இது அவ்வளவு எளிய கணக்காகத் தெரியவில்லை.

இன்டர்ஃபெரான் காமா இன்னொரு வேலையும் செய்கிறது. ஸ்டெம் செல்லைக் காக்கும் த்ரோம்போபொயட்டின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு, அதைச் செல்லின் மேலிருந்து சேதி வாங்கும் ஏற்பியில் சரியாக உட்காரவிடாது. த்ரோம்போபொயட்டினைப் போல வேலை செய்யும் எல்ட்ரோம்போபேக் மாத்திரை அதே ஏற்பியில் வேறோர் இடத்தைப் பிடிப்பதால் இந்த மறியலில் மாட்டாது.

நோயைக் கண்டுபிடிக்க, ரத்தத்தில் டிஎன்ஏ இழைகளைப் பிணைக்கும் டைஎபாக்சிபியூட்டேன் அல்லது மைட்டோமைசின் சேர்த்துச் சில நாள் வளர்த்து, நுண்ணோக்கியில் குரோமோசோம் உடைவுகளை எண்ணுவார்கள். இரண்டு குரோமோசோம்கள் தவறாக ஒட்டி நாற்சந்தி போல நிற்பதைக் கண்டால் சந்தேகம் வலுக்கும். சிலருக்கு ரத்தச் செல்களில் ஒரு பகுதி தானாகவே பழுது நீங்கியிருக்கும். அப்போது ரத்தச் சோதனை ஏமாற்றும், தோல் செல்லில் பார்க்கவேண்டும்.

மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு அண்ணன், தங்கை மஜ்ஜை கொடுக்க முன்வந்தால் அவர்களுக்கும் இதே சோதனை கட்டாயம். பெற்றோர் இருவரிடமும் ஒரே மரபணுவில் பழுது மறைந்திருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் இது கூடுதலாகத் தென்படுவது அதனால்தான். மாற்று சிகிச்சைக்கு முன், சாதாரண மஜ்ஜை வறட்சிக்குத் தரும் உடல் எடையில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் சைக்ளோபாஸ்பமைடு என்ற, செல்களைக் கொல்லும் மருந்தை இந்தக் குழந்தை தாங்காது. 20 முதல் 40 மில்லிகிராமோடு நிறுத்துவார்கள்.