கட்டணம் குறைந்தால் போதுமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

நடன வகுப்பும் ஜிம்மும் ஒதுக்கப்பட்டவர்களுக்கும் உரிய இடமாக வேண்டுமென்றால், முதலில் மாற வேண்டியது கட்டணமா, உள்ளே நடக்கும் வழக்கமா? இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவி கட்டணம் என்றார். ஒரு அரங்கேற்றத்துக்கே லட்சக்கணக்கில் செலவாகிறதே, தினக்கூலி வீட்டுப் பிள்ளை எங்கே போகும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. மண்டப வாடகை, பக்கவாத்தியம், பட்டு, நகை, ஒப்பனை, சாப்பாடு என்று அந்தக் கணக்கு நீள்வது எல்லோருக்கும் தெரியும். கட்டணம் ஒரு தடை இல்லை என்று எங்கள் அணி சொல்லவே இல்லை. அதைக் குறைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்கிறார்களே, அதைத்தான் மறுக்கிறோம்.

கட்டணம் ஒரு பொருட்டாகவே இல்லாத இடங்களை முதலில் பார்ப்போம். கிராம ஊராட்சிகளில் பூங்காவும் உடற்பயிற்சிக் கூடமும் அமைக்கும் திட்டம் 2016இல் அறிவிக்கப்பட்டது. சென்னையில் பல வார்டுகளில் மாநகராட்சியின் உடற்பயிற்சிக் கூடங்கள் இருக்கின்றன. உங்கள் ஊரில் இப்படி ஒரு கூடம் இருந்தால், சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். எத்தனை பெண்கள் இருக்கிறார்கள்? ஒரு திருநங்கையாவது இருக்கிறாரா? சக்கர நாற்காலியில் வருபவர் அந்த வாசற்படியைத் தாண்ட முடியுமா? ஊர்த்தெரு வழியாகத்தான் போக வேண்டும் என்றால், காலனிப் பையன்கள் தயங்காமல் வந்து போகிறார்களா? பணமே கேட்காத இடத்துக்கும் இவர்கள் வரவில்லை என்றால், தடுப்பது வேறு ஏதோ ஒன்று.

அந்த வேறொன்று என்ன என்பதைப் பரதநாட்டியத்தின் வரலாறே சொல்லும். நடுவர் அவர்களே, இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல அனுமதியுங்கள். சதிர் என்ற பெயரில் இந்த ஆட்டத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றியவர்கள் தேவதாசி மரபைச் சேர்ந்த பெண்கள். கற்றுக்கொடுத்த நட்டுவனார்களும் அதே குடும்பங்களின் ஆண்கள். 1930களில் ஆட்டத்தின் பெயரும் மாறியது, மேடையும் மாறியது. 1936இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திரா என்ற நடனப் பள்ளியைத் தொடங்கினார். பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் முறையை 1947இல் சட்டம் ஒழித்தது. அந்தச் சட்டத்துக்கு வலுவான காரணங்கள் உண்டு, அதற்காக முத்துலட்சுமி ரெட்டி நடத்திய போராட்டத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஆட்டத்துக்குப் புது மதிப்பு வந்த அதே காலத்தில், அதை ஆடிவந்த பெண்களில் பெரும்பாலானோர் மேடையிலிருந்து காணாமல் போனார்கள். பாலசரஸ்வதி போன்ற ஒரு சிலர்தான் நிலைத்து நின்றார்கள். சொல்லுங்கள், அந்தப் பெண்களிடம் யாராவது கட்டணம் கேட்டார்களா? ஆட்டம் அவர்கள் வீட்டிலேயே இருந்தது, குருவும் வீட்டிலேயே இருந்தார். 'நீ ஆடினால் கௌரவம் இல்லை, இன்னொருத்தி ஆடினால் கௌரவம்' என்ற பார்வைதான் அவர்களை வெளியே தள்ளியது.

பழைய கதை என்பீர்கள். சரி, 2024 மார்ச்சுக்கு வருவோம். கேரளத்தில் மூத்த நடனக் கலைஞர் ஒருவர், பெரும்பாலும் பெண்களே ஆடிவந்த கேரள நடனமான மோகினியாட்டத்தைக் கறுப்பு நிற ஆண்கள் ஆடக்கூடாது என்ற பொருளில் ஒரு பேட்டியில் பேசினார். தன்னைத்தான் சொல்கிறார் என்று புரிந்துகொண்டு வெளிப்படையாகப் பதில் சொன்னவர் ஆர்.எல்.வி. ராமகிருஷ்ணன். தலித் கலைஞர். மோகினியாட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். இதைவிட என்ன தகுதி வேண்டும்? பட்டம் வரைக்கும் படித்து முடித்தவரையே தோலின் நிறம் பார்த்து ஒதுக்கும் வாய், முதல் நாள் தட்டடவு கற்க வரும் ஒரு கறுத்த பிள்ளையை என்ன செய்யும்? அந்தப் பேச்சுக்குக் கேரளமே எதிர்ப்புத் தெரிவித்தது. கலைப் பல்கலைக்கழகமான கேரள கலாமண்டலம் ராமகிருஷ்ணனை அழைத்து ஆட வைத்தது. மோகினியாட்ட வகுப்பில் ஆண் மாணவர்களையும் சேர்ப்பது என்று முடிவெடுத்தது. அங்கே மாறியது கட்டண விகிதம் அல்ல, யாரைச் சேர்க்கலாம் என்ற விதி.

நம் பக்கத்திலும் சான்று உண்டு. மதுரையில் பிறந்த திருநங்கை நர்த்தகி நடராஜ், புகழ்பெற்ற நடன ஆசான்களான தஞ்சை நால்வர் வழிவந்த கிட்டப்பா பிள்ளையிடம் பல ஆண்டுகள் பரதநாட்டியம் கற்றார். 2019இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பத்ம விருது பெற்ற முதல் திருநங்கை அவர். அந்தப் பயணத்துக்கு முதலில் தேவைப்பட்டது, மரபில் ஊறிய ஒரு குரு 'சரி, வா' என்று சொன்னதுதான். இப்படி ஒரு குரு அமையாமல் எத்தனை பேர் ஆசையோடே நின்றுவிட்டார்கள் என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசியவர், 'மனசை மாற்றப் பல காலம் ஆகும், கட்டணத்தை நாளைக்கே குறைக்கலாம்' என்றார். ஐயா, நாங்கள் மனசு மாறும்வரை காத்திருக்கச் சொல்லவில்லை. சேர்க்கைப் படிவத்தில் சாதி எதற்கு? அந்த வரியை நாளைக்கே எடுக்கலாம். ஆண், பெண் என்ற இரண்டு கட்டத்தோடு இன்னொன்றைச் சேர்க்கலாம். உடை மாற்றும் இடத்தில் உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஒரு தனி அறை கொடுக்கலாம். நடனத்தில் முட்டியை மடித்து நிற்கும் அரைமண்டியைத் திருத்தும்போதும், ஜிம்மில் முதுகை நிமிர்த்தும்போதும், தொடலாமா என்று கேட்டுவிட்டுத் தொடலாம். உடம்பு பெருத்தவரைப் பார்த்து 'எப்போ குறைக்கப் போறீங்க?' என்று வரவேற்பதை ட்ரெய்னர் இன்றைக்கே நிறுத்தலாம். அவர் எடை குறைக்க வந்தாரா, முட்டிவலிக்கு வந்தாரா என்று கேட்கக்கூட இல்லையே!

இது நம் பெருந்தன்மையும் இல்லை, சட்டம். பொதுமக்களுக்கான சேவையைத் திருநர் என்பதற்காக மறுக்கக்கூடாது என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பொதுமக்கள் பயன்படுத்தும் தனியார் கட்டடங்களையும் பொதுக் கட்டடம் என்றே வரையறுக்கிறது. பொழுதுபோக்குக்கான இடமும் அதில் அடக்கம். ஆனால் லிஃப்ட் இல்லாத மாடியில் ஜிம் வைத்துவிட்டு, 'மாற்றுத்திறனாளிகள் யாரும் வருவதில்லை' என்கிறோம். சாய்தளத்துக்குச் செலவாகும், ஒப்புக்கொள்கிறேன். அதற்கும் முன்னால், வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்ற முடியுமா என்று யோசிக்கச் செலவே இல்லை.

நடுவர் மணியைத் தொடுகிறார், முடித்துவிடுகிறேன். எதிரணியில் அடுத்துப் பேச வருபவரிடம் ஒரு கேள்வி. தூய்மைப் பணியாளர் ஒருவரின் மகள் நடன வகுப்பில் சேர்கிறாள். நீங்கள் சொன்னபடியே கட்டணம் முழுவதும் தள்ளுபடி. ஆனால் அவளை எல்லோர் முன்னாலும் 'ஃப்ரீ சீட் பொண்ணு' என்று கூப்பிடுகிறார்கள். கறுப்பாக இருக்கிறாள் என்று கடைசி வரிசையில் நிறுத்துகிறார்கள். மற்ற பிள்ளைகளின் தாய்மார்கள் அவளுடைய தண்ணீர் பாட்டிலைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்கிறார்கள். அடுத்த மாதம் அவள் வருவாளா? வரமாட்டாள் என்றால், நீங்கள் தள்ளுபடி செய்த கட்டணத்தால் அவளுக்குக் கிடைத்தது என்ன? உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.