ஒண்ட வந்த பிடாரி

விழாத் தலைவர் அவர்களே, மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் டிராபி கால்பந்து ஆடிய காலத்தை இன்னும் முழங்காலில் சுமந்துகொண்டிருக்கும் அண்ணன் அவர்களே, கோல் கம்பத்துக்கு வலை வாங்கித் தந்த வார்டு உறுப்பினர் அம்மா அவர்களே, வர முடியாவிட்டாலும் மாலையை அனுப்பிவைத்த வட்டாட்சியர் ஐயா அவர்களே, மைக் செட் தம்பி உட்பட அனைவருக்கும் வணக்கம்.

மூன்று விஷயம் பேசச் சொன்னார்கள். கால்பந்து கிளப்பை ஒரு கம்பெனி வாங்கினால் என்ன லாபம், என்ன நஷ்டம், ரசிகன் என்ன செய்யலாம். லாபம், பணம் வரும். சரி, அடுத்தது.

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம். கல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் கிளப்பைப் பாருங்கள். 1920-ல் தொடங்கியது. பிரிவினையில் வீடு வாசல் இழந்து வந்தவர்களுக்கு அந்தச் சிவப்பு மஞ்சள் சட்டைதான் சொந்த ஊர். நமக்கும் அதில் உறவு உண்டு. ஐம்பதுகளில் 'பஞ்ச பாண்டவர்' என்று வங்காளிகள் கொண்டாடிய சாலே, அப்பா ராவ், தன்ராஜ், அகமது கான், வெங்கடேஷ் ஐவரும் தென்னாட்டுக்காரர்கள்.

அந்தக் கிளப்புக்கு 2020-ல் ஒரு சிமெண்ட் கம்பெனி வந்தது. நாட்டின் பெரிய கால்பந்து லீக்கான ஐஎஸ்எல்லில் ஆட இடம் கிடைத்தது. முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்தானது, இறுதி ஒப்பந்தத்தில் ஆகவில்லை. போட்டால் உறுப்பினர் உரிமை போய்விடும் என்றது கிளப் நிர்வாகம். போடாவிட்டால் அணியே இருக்காது என்றார்கள் ஒரு பகுதி ரசிகர்கள். 2021 ஜூலை 21 அன்று கிளப் வாசலில் இரண்டு தரப்பும் மோதி, போலீஸ் தடியடி வரை போனது.

அந்த மாதம் ஒரு வேலையாக நான் அங்கே இருந்தேன். மாணிக்தலா மார்க்கெட்டில் மீன் வாங்கப் போனால், ஒரே கடையில் அண்ணன் தம்பி இருவர். அண்ணன், 'கையெழுத்துப் போடணும்' என்கிறார். தம்பி, 'அப்பா உயிரை விட்ட கிளப்பை விற்கிறதா?' என்கிறார். எடைக்கல் தராசில் கிடக்கிறது, என் பை காலியாகக் கிடக்கிறது. வரிசையில் நின்ற பாட்டி தம்பி கட்சி. பின்னால் ஐஸ் உடைத்த பையன் அண்ணன் கட்சி. அரை மணி நேரம்! கடைசியில் அண்ணன் என் பக்கம் திரும்பி, 'மதராஸி, உனக்கு என்ன வேணும்?' என்றார். அரைகுறை இந்தியில், 'அரைக் கிலோ இறால்' என்றேன்.

அவ்வளவுதான். அண்ணன், தம்பி, பாட்டி, ஐஸ் பையன் நால்வரும் ஒரே கட்சி ஆகிவிட்டார்கள். இறால், பரம எதிரி கிளப்பான மோகன் பகானின் சின்னமாம், இவர்களுக்கு இலிஷ் மீன். முறைத்த முறைப்பில் ஒரு கிலோ இலிஷ் வாங்கிக்கொண்டுதான் வந்தேன். முள் எடுக்கத் தெரியாமல் பட்டது தனிக்கதை.

அந்த மோகன் பகானே என்ன பாடு பட்டது! 1911-ல் ஒருவர் தவிர எல்லோரும் வெறுங்காலோடு ஆடி, வெள்ளைக்காரப் பட்டாளத்து அணியான கிழக்கு யார்க்ஷயர் ரெஜிமெண்டை 2-1 என்று வென்று ஐஎஃப்ஏ ஷீல்டு கோப்பையை எடுத்த கிளப். 2020-ல் அதன் பெயருக்கு முன்னால் வேறொரு கிளப்பின் 'ஏடிகே' வந்து ஒட்டிக்கொண்டது. ஒண்ட வந்த பிடாரி! மூன்று வருஷம் ரசிகர்கள் கத்தினார்கள், 2023-ல் அந்த மூன்றெழுத்து போனது. சிமெண்ட் கம்பெனியும் 2022-ல் விலகியது, வேறொன்று வந்தது.

ஜெர்மனியைப் பாருங்கள். கிளப்பின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்கள் கையில் இருக்க வேண்டும், ஓரிரு விலக்கு தவிர. 1998 முதல் இதுதான் விதி. நாமும் அதைத்தான் கேட்கிறோம். நம் அணிக்கு யாராவது பணத்தோடு வரலாம், வரட்டும், டீ கொடுப்போம். ஆனால் அதற்கு முன் நாம் சங்கமாகப் பதிவு செய்திருக்க வேண்டும், ஆளுக்கு நூறு ரூபாய் சந்தா, ஆளுக்கு ஒரு வாக்கு. இல்லையென்றால் ஒண்ட வந்த பிடாரியிடம் பேச நமக்கு வாயே இருக்காது.

மூன்றாவது விஷயத்துக்கு நேரமில்லை, தலைவர் கடிகாரம் பார்க்கிறார். படிவம் மேடைக்கு இடப்பக்க மேஜையில் இருக்கிறது. போன வாரம் நான்கு பேனா காணாமல் போனது. எழுதியதும் பேனாவை அங்கேயே வைத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.