மலைக்காற்றும் கம்ப்ரசரும்

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம். காற்றை அழுத்தி டேங்கில் அடைக்கும் சுழல் கம்ப்ரசரை வடிவமைத்து, செய்து, ஓட்டிப் பார்ப்பதில் எனக்குப் பல வருட ஈடுபாடு. பஞ்சர் கடையில் தடதடவென்று ஓடுகிறதே, அது பிஸ்டன் வகை. நான் சொல்வது வேறு. உருளைக்குள் மையம் விலகிச் சுற்றும் ஒரு ரோட்டர். அதன் பள்ளங்களில் நழுவும் தகடுகள். சுற்றுகிற வேகத்தில் தகடுகள் வெளியே வந்து சுவரைத் தொட்டபடி போகும். நடுவில் மாட்டிய காற்றுக்கு இடம் குறையக் குறைய அழுத்தம் ஏறும்.

சரி, மலைக்கு வருவோம். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் வருவதற்குள் உப்பிவிடும், பார்த்திருப்பீர்கள். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதுதான் காரணம். 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில், கடல்மட்ட அழுத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். ரோட்டர் ஒரு சுற்றுக்கு இழுக்கும் கன அளவு மாறாது. உள்ளே வரும் காற்று மட்டும் குறைவு. கீழே நான்கு நிமிடத்தில் நிறையும் டேங்க் இங்கே ஐந்து நிமிடம் எடுக்கும். மெஷின் பழுது என்று பிரித்துப் போட்டுவிடுகிறார்கள். பழுதே இல்லை!

இன்னொன்று. டேங்கின் கேஜ், அதாவது அழுத்தமானி, காட்டுவது வெளிக்காற்றுக்கு மேல் ஏறிய அழுத்தத்தைத்தான். ஒரு பார் என்பது ஏறக்குறைய கடல்மட்டக் காற்றின் அழுத்தம். ஆகவே கேஜில் 7 பார் காட்ட, கடற்கரையில் காற்றை 8 மடங்கு அழுத்தினால் போதும். இங்கே 10 மடங்கு. மடங்கு கூடினால் சூடும் கூடும். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: மலையில் ஓடப்போகும் மெஷினுக்கு மலைக்காற்றை வைத்தே கணக்குப் போடுங்கள், மலையிலேயே ஓட்டிச் சோதியுங்கள்.

அதுவும் ஜனவரி உறைபனிக் காலையில். எண்ணெய் கெட்டியாகித் தகடுகள் பள்ளத்திலேயே ஒட்டிக்கொள்ளும். ரோட்டர் சுற்றும், காற்று வராது. அப்புறம் ஒவ்வொன்றாக விடுபட்டு 'டக், டக்' என்று சுவரில் மோதும். தகட்டின் விளிம்பு சில்லு பெயர்வது அப்போதுதான். குளிருக்கேற்ற இளக்கமான எண்ணெய் ஊற்றினால் அந்தச் சத்தம் அடங்கும். மூடுபனி நாளில் கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்தினாலோ, ஈரம் எண்ணெயில் தங்கி, எண்ணெய் அளவு பார்க்கும் கண்ணாடியில் மோர் மாதிரி தெரியும். நன்றாகச் சூடேறும்வரை ஓடவிட வேண்டும்.

நேரம் ஆகிவிட்டதாகச் சைகை காட்டுகிறார்கள். டேங்க் சோதனையைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். இதை மட்டும் சொல்லிவிடுகிறேன்: புது டேங்கைக் காற்றடைத்துச் சோதிக்காதீர்கள். தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றுங்கள். வெல்டிங் விட்டால் தண்ணீர் பீய்ச்சும், அதோடு அழுத்தம் இறங்கிவிடும். காற்று என்றால் டேங்கே வெடித்துச் சிதறும். வணக்கம்.